குடிலுக்குள் கோடை

மாடித்தோட்டம் வளர்ப்போர் சிலர், நாற்றுகளைக் காக்க ஒளிபுகும் நெகிழித்தாள் போர்த்திய சிறு பசுமைக்குடிலை அமைக்கின்றனர். அடைமழையிலும் பனியிலும் இளஞ்செடிகளுக்குத் துணைநிற்கும் அக்குடில், சித்திரை பிறந்ததும் உலைக்களமாகிவிடுகிறது. வெளியே 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலவும்போது, மூடிய குடிலினுள் அது 50 டிகிரியைத் தாண்டக்கூடும். தக்காளியின் மகரந்தமோ 35 டிகிரிக்கு மேல் வலுவிழக்கிறது. பூத்த செடி காய்க்காமல் பூவை உதிர்க்கிறது.

இவ்வெப்பம் எவ்வாறு சேர்கிறது? உட்புகும் ஒளியைத் தரையும் தொட்டிகளும் ஏற்றுச் சூடாகின்றன. அவற்றைத் தொடும் காற்றும் சூடாகிறது. கண்ணாடி வெப்பக் கதிர்களை வெளியேறவிடாமல் தடுப்பதே முதன்மைக் காரணம் எனப் பலர் எண்ணினர். அமெரிக்க இயற்பியலாளர் இராபர்ட் வுட் 1909ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தார். ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், மற்றொன்றை வெப்பக் கதிர்களை எளிதில் கடத்தும் பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டிலும் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றாகவே, 55 டிகிரி அளவில் இருந்தது. குடிலைச் சுடுவது பெரும்பாலும் சிறைப்பட்ட காற்றே என்பது தெளிவாயிற்று. (வளிமண்டலத்தின் ‘பசுமைக்குடில் விளைவு’ வேறு வகையானது, அங்கே வாயுக்கள் கதிர்களை உண்மையாகவே உறிஞ்சுகின்றன. பெயர் மட்டுமே பொது.)

ஆகவே காற்றுக்கு வழிவிடுவதே முதல் வேலை. சூடான காற்று மேலெழும் இயல்புடையது. கூரையின் உச்சியில் திறப்பும், குளிர்ந்த காற்று நுழையக் கீழே ஒரு திறப்பும் வேண்டும். கூரைத் திறப்பு தளப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இருப்பது நன்று. திறப்பின்றி மின்விசிறியைச் சுழலவிட்டால், அது வெப்பக்காற்றையே சுற்றிச்சுற்றி வீசும்.

அடுத்தது நிழல். நிழல்வலையைக் குடிலுக்கு வெளியே கட்டவேண்டும். உள்ளே கட்டினால், வலை ஏற்கும் வெப்பமும் குடிலுக்குள்ளேயே தங்கிவிடும்.

வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்து வீட்டைக் குளிர்விப்பது நம்மவர் அறிந்த முறை. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குடிலின் தரையை நனைப்பதும் இவ்வாறே பயன்தரும். செடியும் இலைத்துளைகளின் வழியே நீராவியை வெளியிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. வேரில் நீர் குன்றினால் இலைத்துளைகள் மூடிக்கொள்ள, இலை சுடுகிறது. எனவே காலையிலேயே நீர் ஊற்றிவிடவேண்டும். ஆயினும் ஆவியாதல் காற்றின் வறட்சியைப் பொறுத்தது. வேலூரின் வறண்ட நண்பகலில் நன்கு பயன்படும் இம்முறை, கடற்காற்று ஈரம் சுமந்துவரும் சென்னையில் அவ்வளவாகப் பயன்தராது. குடிலை மூடிவைத்து நீர் தெளித்தால் புழுக்கமும் பூஞ்சை நோயுமே மிஞ்சும்.

பகலெல்லாம் வெயிலை உண்ட மாடித்தளம் இரவிலும் அனலை உமிழும். தொட்டிகளைப் பலகைமேல் உயர்த்தி வைப்பதும், இரவில் கதவைத் திறந்துவைப்பதும் அதனால் தேவையாகின்றன. சமவெளி ஊர்களில் கத்தரி வெயில் நாள்களில் நெகிழித்தாளையே கழற்றிவிட்டு, சட்டத்தின்மேல் நிழல்வலையை மட்டும் விரிப்பது இவை அனைத்தினும் எளிது. ஐப்பசி மழைக்குமுன் தாளை மீண்டும் போர்த்தினால் போதும்.