போலியைக் காட்டிக்கொடுக்கும் ஒளி

ஒரு பொருளின் மேல் பொறித்துள்ள பெயரை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். வரிசை எண்ணையும் அச்சிட்டுவிடலாம். ஆனால் அதற்குள் ஒளி செல்லும் பாதையை அவ்வளவு எளிதில் நகல் எடுக்க முடியுமா? ஏர்சாஃப்ட் என்னும் விளையாட்டில் பயன்படும் குறிபார்க்கும் கருவிகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

விளையாட்டுத் துப்பாக்கி

துப்பாக்கி வைத்திருக்கக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ள நாடு ஜப்பான். அங்கே 1970-களிலும் 1980-களிலும் வளர்ந்த விளையாட்டுதான் ஏர்சாஃப்ட். பின்னர் இது அமெரிக்காவிற்கும் ஐரோப்பாவிற்கும் பரவியது. உண்மைத் துப்பாக்கியைப் போலவே தோன்றும் இதிலிருந்து, 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குண்டுகள் காற்றழுத்தத்தால் பாய்கின்றன. 0.2 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் 1 ஜூல். உண்மைத் துப்பாக்கியின் 4 கிராம் குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் சென்றால் 1,600 ஜூலுக்கும் மேல்! நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

உண்மையான குறிபார்க்கும் கருவியின் விலை பல நூறு டாலர். விளையாட்டிற்கான நகலோ சில பத்து டாலருக்குக் கிடைக்கும். நகலை நகல் என்று சொல்லி விற்றால் அது விளையாட்டுப் பொருள். உண்மை என்று சொல்லி விற்றால் அது போலி.

சிவப்புப் புள்ளி

குழி ஆடியின் குவியத்தில் ஒரு விளக்கை வைத்தால், எதிரொளிக்கும் கதிர்கள் இணையாகச் செல்லும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இணைகதிர்கள் கண்ணில் விழும்போது, விளக்கு வெகுதொலைவில் இருப்பதாகவே தோன்றும். இத்தகைய இணைகதிர்களைக் கண்ணாடியில் எதிரொளிக்கச் செய்து குறிபார்க்கும் முறையை, 1900-ஆம் ஆண்டில் அயர்லாந்துத் தொலைநோக்கி வல்லுநர் ஹோவர்ட் கிரப் உருவாக்கினார். 1975-இல் சுவீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் சிவப்புப் புள்ளியைக் காட்டும் மின்னணுக் கருவியை வெளியிட்டது.

இன்றைய சிவப்புப் புள்ளிக் கருவியில், ஒளி உமிழ் டையோடு ஒன்று வளைந்த கண்ணாடியின் குவியத்தில் இருக்கிறது. கண்ணாடியின் மெல்லிய பூச்சு சிவப்பு ஒளியை மட்டும் எதிரொளித்து, மற்ற நிறங்களைக் கடந்து செல்ல விடுகிறது. ஆகவே இலக்கும் தெரிகிறது. அதன்மேல் புள்ளியும் தெரிகிறது. தலையைச் சற்று அசைத்தாலும் புள்ளி இலக்கைவிட்டு அதிகம் விலகுவதில்லை. அதாவது, இடமாறு தோற்றப் பிழை மிகக் குறைவு.

ஹோலோகிராம் கருவி

மற்றொரு வகையில் வளைந்த கண்ணாடி கண்முன் இல்லை. வட்டமும் நடுப்புள்ளியும் கொண்ட ஒரு குறி, தட்டையான கண்ணாடியில் ஹோலோகிராமாகப் பதிவாகியுள்ளது. லேசர் ஒளி அதன்மேல் பட்டதும் குறி தொலைவில் மிதப்பதுபோல் தோன்றுகிறது. அமெரிக்காவின் ஈஓடெக் நிறுவனம் இவ்வகைக்குப் பெயர்பெற்றது. இதன் பெட்டி வடிவத்தை நகல் எடுப்போர் ஏராளம். ஆனால் நகலின் உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண டையோடும் வளைந்த கண்ணாடியுமே!

மூன்று அடையாளங்கள்

முதலாவது, குறியின் தோற்றம். லேசர் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நுண்ணிய ஒளிப்பொட்டுகளை உண்டாக்கும். அதனால் உண்மைக் கருவியின் குறி, உற்றுப் பார்த்தால், மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகத் தெரியும். டையோடின் குறி வழவழப்பாக இருக்கும். குறைபோல் தோன்றுவதே இங்கு உண்மைக்குச் சான்று!

இரண்டாவது, நிறம். ஹோலோகிராம் ஒரே அலைநீளத்திற்கென அமைக்கப்படுகிறது. அலைநீளம் மாறினால் ஒளி வளையும் கோணமும் மாறிவிடும். ஒரே கருவியில் பொத்தானை அழுத்திச் சிவப்பையும் பச்சையையும் மாற்ற முடிந்தால் ஐயப்பட வேண்டியதுதான்.

மூன்றாவது, முன்புறக் கண்ணாடி. கருவியை அணைத்துவிட்டு முன்னிருந்து பாருங்கள். வளைந்த கண்ணாடியில் சிவந்த பளபளப்பு தெரிந்தால், அது எதிரொளிப்புக் கருவி. (எரியும் லேசர் கருவியை முன்புறமிருந்து பார்க்கவே கூடாது.)

சில போலிகளில் ‘லேசர், எச்சரிக்கை!’ என்ற சீட்டும் ஒட்டியிருக்கும். உள்ளே லேசரே இராது. சீட்டை நகல் எடுத்தவர் ஒளியை நகல் எடுக்கவில்லை.

ஏமாந்தால் என்ன?

விளையாட்டில் பணம் மட்டுமே நட்டம். ஏனெனில் 1 ஜூல் குண்டின் பின்னுதைப்பு மிகச் சிறியது. அதே போலியை உண்மை என நம்பி ஒரு வேட்டைக்காரர் தம் துப்பாக்கியில் பொருத்தினால்? ஒவ்வொரு வெடியின் உதைப்பிலும் உள்ளுறுப்புகள் தளரக்கூடும். குறி 0.1 பாகை நகர்ந்தாலே, 100 மீட்டர் தொலைவில் குண்டு 17 சென்டிமீட்டர் விலகிவிடும். அது எங்கே, யார்மேல் படும் என்று யார் சொல்வது?

எனவே ஒரு கருவியின் பெயரைப் படிப்பதோடு நிற்காதீர்கள். அது எந்த விதியின்படி இயங்குகிறது என்றும், அந்த விதியின் அடையாளம் அதில் தெரிகிறதா என்றும் கேளுங்கள். மூக்குக் கண்ணாடி, தொலைநோக்கி என எதை வாங்கினாலும் இக்கேள்வி உங்களுக்கு உதவும்.