கூண்டும் மார்ஃபினும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

எங்கள் ஊரில் குடிகாரரைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. 'அவன் புத்தி அப்படி' என்பார்கள் சிலர். 'அந்தச் சரக்கு அப்படி, தொட்டால் விடாது' என்பார்கள் வேறு சிலர். என் சித்தப்பாவைப் பற்றி இந்த இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் நான். புத்தியும் சரக்கும் போக, இருக்கும் இடம் என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு என்பதை எலிகளைப் பற்றிப் படித்தபோதுதான் அறிந்தேன்.

1960-களில் அமெரிக்கச் சோதனைச்சாலைகளில் எலியின் இரத்தக் குழாயில் மெல்லிய குழாயைச் செருகி, கூண்டிலுள்ள நெம்புகோலை அழுத்தினால் மார்ஃபின் உடலுக்குள் செல்லும்படி அமைத்தனர். எலிகள் மீண்டும் மீண்டும் அழுத்தின. போதைப் பொருளின் வலிமையே இதற்குக் காரணம் என்று பலரும் முடிவு கட்டினர்.

கனடா நாட்டில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக உளவியலாளர் புரூஸ் அலெக்சாண்டருக்கு ஓர் ஐயம் எழுந்தது. எலி கூட்டமாக வாழும் பிராணி. தனிக் கூண்டில் அடைபட்ட எலிக்கு அந்த நெம்புகோலைத் தவிர வேறென்ன இருக்கிறது? 1970-களின் பிற்பகுதியில் அவரும் உடன் ஆய்வாளர்களும் 'எலிப் பூங்கா' ஒன்றைக் கட்டினர். சாதாரணக் கூண்டைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு பரப்பு. பதினாறு முதல் இருபது வரை ஆணும் பெண்ணுமாக எலிகள். ஒளிந்துகொள்ளப் பெட்டிகள், விளையாட உருளைகள், குட்டி போட இடம். சுவரில் காட்டுக் காட்சியும் தீட்டினார்கள். ஓவியம் எலிகளுக்காகவா, ஆய்வாளர்களுக்காகவா என்பது எனக்கு விளங்கவில்லை!

கூட்டத்தில் எந்த எலி எவ்வளவு குடித்தது என்று எப்படி அறிவது? ஒரே ஒரு எலி மட்டும் நுழையக்கூடிய சிறு சுரங்கப் பாதை அமைத்து, அதன் முடிவில் ஒரு புறம் தண்ணீரும் மறுபுறம் மார்ஃபின் கரைசலும் வைத்தார்கள். மார்ஃபின் கசக்கும். ஆகவே சர்க்கரை கலந்து, அந்த இனிப்பைப் படிப்படியாகக் கூட்டினார்கள். கூண்டு எலிகள் விரைவிலேயே குடிக்கத் தொடங்கின. பூங்கா எலிகளோ பெரும்பாலும் தண்ணீரையே நாடின. ஒரு கட்டத்தில் கூண்டிலிருந்த ஆண் எலிகள் பூங்காவின் ஆண் எலிகளைவிட 19 மடங்கு மார்ஃபின் குடித்திருந்தன.

பூங்கா எலிகளுக்கு இனிப்பே பிடிக்கவில்லையோ என்று கேட்கலாம். மார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நலோக்சோனைக் கலந்தபோது அவை அதே இனிப்பு நீரைக் குடித்தன. அவை ஒதுக்கியது மயக்கத்தையே என்று அலெக்சாண்டர் கருதினார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இந்த ஆய்வுகள் 1978-லும் 1981-லும் வெளிவந்தன.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக இருக்கும், உண்மையாக இராது. 1996-ல் பெட்ரி என்பவர் வெளியிட்ட ஆய்வில் கூண்டுக்கும் கூட்டத்துக்கும் அவ்வளவு பெரிய வேறுபாடு தென்படவில்லை. எலிகளின் மரபு வழி மாறியிருக்கலாம் என்ற விளக்கமும் எழுந்தது. ஆக, பிறவிக்கும் இதில் பங்கு உண்டு போலும்.

ஆனால் கேள்வி அத்தோடு முடியவில்லை. 2018-ல் அமெரிக்காவில் வென்னிரோ, ஷாகம் முதலானோர் எலிக்கு இரண்டு நெம்புகோல்களைக் கொடுத்தனர். ஒன்றை அழுத்தினால் மெத்தம்பெட்டமைன் என்னும் போதை மருந்து. மற்றொன்றை அழுத்தினால் கதவு திறந்து இன்னொரு எலியின் துணை. மருந்துக்குப் பழகிய எலிகளும் துணையையே பெரிதும் தேர்ந்தன. ஆனால் கதவு திறக்கத் தாமதமானாலோ, துணையைத் தேர்ந்ததற்கு மின்னதிர்ச்சி கிடைத்தாலோ மருந்தின் பக்கம் திரும்பின.

பொங்கல் விடுமுறையில் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனாலும் கேட்ட கேள்வி கூர்மையானது. "உங்க சித்தப்பா திருப்பூர்ல தனியா ரூம்ல கெடந்து குடிச்சாரு, சரி. நம்ம வீட்டுக்கு வந்தும் விடலையே?"

இதற்கு அந்தச் சோதனைகளில் நேரான விடை இல்லை. எலி வேறு, மனிதர் வேறு என்றேன். மின்னதிர்ச்சி விஷயத்தை மட்டும் இன்னொரு முறை விளக்கச் சொன்னார். விளக்கினேன். சற்று நேரம் கழித்து, "அவரு திரும்பி வந்தப்ப ரெண்டு மாசம் உங்கப்பா முகங்கொடுத்துப் பேசலை" என்றார்.