தொட்டியில் விளையும் டாக்சால்

பசிபிக் யூ என்பது வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் மிக மெதுவாக வளரும் ஊசியிலை மரம். அதன் பட்டையிலிருந்து வால், வானி என்ற வேதியியலாளர்கள் பிரித்தெடுத்த டாக்சாலின் கட்டமைப்பு 1971-ல் வெளியானது. 1992-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் பட்டையில் அது இருப்பதோ ஏறக்குறைய 0.01 சதவீதம், பட்டையை உரித்தால் மரமே பட்டுப்போகும்.

மாற்று வழிகளில் ஒன்று திசு வளர்ப்பு. யூ மரத்தின் சிறு துண்டைக் கிருமிநீக்கி, சர்க்கரை, தாது உப்புகள், ஹார்மோன்கள் கலந்த அகர் கூழில் வைத்தால், சில வாரங்களில் வெட்டுவாய் புடைத்துக்கொள்ளும். இலை இல்லை, வேர் இல்லை. ஈர ரவை போல உதிரும் ஒரு கட்டி, அவ்வளவுதான். அதைத் திரவ ஊடகத்தில் இட்டுக் குலுக்கினால் செல்கள் பிரிந்து பெருகும். பிறகு குடுவையிலிருந்து படிப்படியாகப் பெரிய தொட்டிகளுக்கு மாற்றுவார்கள். ஜெர்மனியில் 75,000 லிட்டர் தொட்டியிலும் தாவரச் செல்கள் வளர்க்கப்பட்டுள்ளன.

வேடிக்கை என்னவென்றால், சொகுசாக வளரும் செல் மருந்தைச் சரியாகத் தருவதில்லை. பூச்சி கடித்தால் செடிக்குள் உண்டாகும் ஜாஸ்மோனேட் வகைச் சேர்மத்தைத் தொட்டியில் கலந்து, ஆபத்து வந்துவிட்டதாகச் செல்களை நம்பவைக்கிறார்கள். உற்பத்தி பல மடங்கு கூடுகிறது. செல் வளர்ப்பு முறைக்கு மாறிய பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் 2004-ல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது.

செல்கள் நாளடைவில் மருந்து தரும் திறனை இழப்பதும் உண்டு. அதனால் நன்றாக விளைந்தவற்றைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, விதைநெல் போலச் சேமிக்கிறார்கள்.