நிறம் போன பின்னும் நீரில் இருப்பது

பெருநாளுக்காகப் புறக்கோட்டை கெய்சர் வீதியில் வாங்கி வந்த சிவப்புப் பருத்தித் துணியை உம்மா முதன்முதலாகப் பேசினில் ஊறவைத்தபோது, தண்ணீர் முழுவதும் சிவந்துவிட்டது. ஒரு கை உப்பு அள்ளிப் போட்டார். பயனில்லை. நான்கு மீற்றர் துணிக்கே இப்படியென்றால், தொன் கணக்கில் துணிக்குச் சாயமிடும் ஊரில் அந்த நீர் எங்கே போகும்?

தமிழ்நாட்டின் திருப்பூரில் அது நொய்யல் ஆற்றுக்குப் போனது. விவசாயத்துக்கென 1992 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது.

சாயநீரைச் சுத்திகரிப்பது ஏன் கடினம்? வெயிலுக்கும் சவர்க்காரத்துக்கும் மங்காதிருக்கவே சாயங்கள் தயாரிக்கப்படுகின்றன. அந்த உறுதியே பின்னர் தொல்லையாகிறது. பற்றீரியாக்களால் அவற்றை இலகுவில் சிதைக்க முடிவதில்லை. குளோரீன் இட்டால் நிறம் குறையலாம், ஆனால் குளோரீன் சேர்ந்த புதிய நச்சுச் சேர்வைகள் உருவாகக்கூடும்.

இங்கேதான் ஐதரொட்சில் மூலிகம் உதவுகிறது. ஓர் ஒட்சிசன் அணு, ஓர் ஐதரசன் அணு, சோடி சேராத ஓர் இலத்திரன்: அவ்வளவுதான் அது. நாம் நன்கறிந்த ஐதரொட்சைட்டு அயனுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அயன் சாதுவானது, மூலிகமோ எதிர்ப்படும் சேதன மூலக்கூறிலிருந்து ஐதரசனைப் பறிக்கும், அல்லது இரட்டைப் பிணைப்பில் தானே போய் ஒட்டிக்கொள்ளும். குளோரீனின் நியம ஒட்சியேற்ற அழுத்தம் 1.36 வோல்ற்று, ஓசோனுக்கு 2.07. இதற்கோ சுமார் 2.8. பல சாயங்களின் நிறத்துக்குக் காரணமான நைதரசன்-நைதரசன் இரட்டைப் பிணைப்பு இதன் தாக்குதலில் உடைகிறது. தாக்கம் முழுமையடைந்தால் சாயத்தின் காபன், காபனீரொட்சைட்டாக வெளியேறும்.

இம்மூலிகத்தைப் போத்தலில் அடைத்து வைக்க முடியாது. அதன் ஆயுள் ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் சில பங்குகள்தான். எனவே நீருக்குள்ளேயே அதைப் பிறப்பிக்க வேண்டும். 1876 இல் பென்ரன் என்னும் ஆங்கிலேயர் தாத்தாரிக்கமிலத்துடன் (நம் புளியில் இருப்பதும் இதுவே) பெரசு உப்பையும் ஐதரசன் பரவொட்சைட்டையும் கலந்து, பின் காரம் சேர்த்தபோது ஊதா நிறத்தைக் கண்டார். 1894 இல் விரிவாக எழுதினார். அங்கே வேலை செய்தது ஐதரொட்சில் மூலிகம் என ஏபரும் வைசும் விளக்கியது 1934 இல். பெரசு அயன் பரவொட்சைட்டுக்கு ஓர் இலத்திரனைக் கொடுத்துப் பெரிக்காகிறது. பரவொட்சைட்டு இரண்டாகப் பிளந்து ஒரு பாதி ஐதரொட்சைட்டு அயனாக, மறு பாதி மூலிகமாகிறது. ஓசோனாலும், பரவொட்சைட்டின் மீது கழியூதாக் கதிரைச் செலுத்தியும் இதைப் பெறலாம்.

பென்ரன் முறைக்கு நீரின் பீஎச் 3 அளவில் இருக்க வேண்டும். பின்னர் காரமிட்டு நடுநிலையாக்கும்போது துருநிறச் சேறு படியும். அதையும் எங்காவது கொட்டியாக வேண்டும். இருகாபனேற்று அயன்கள் சாயத்துக்கு முந்திக்கொண்டு மூலிகத்தை வீணாக்குவதும் உண்டு. இன்னொன்று: நிறம் மறைந்தால் வேலை முடிந்ததென எண்ணிவிடக் கூடாது. அரைகுறையாக உடைந்த துண்டுகளில் சில, மூலச் சாயத்தைவிட நச்சாக இருக்கலாம்.

எல்லாம் சரியாக நடந்தாலும் உப்பு மிஞ்சும். பருத்தியில் சாயம் ஏற, சாயத்தொட்டியில் ஒரு லீற்றருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு இடுவது வழக்கம். (சாயமேறும்போதுதான் உப்பு உதவும், பேசினில் போட்டது தாமதம் என்று உம்மாவிடம் சொன்னேன்.) சோடியம் அயனில் மேலும் ஒட்சியேற்ற ஒன்றுமில்லை. நொய்யல் கரையில் பயிர்நிலங்களைக் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரும் பங்குண்டு. அதனால்தான் கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடக் கூடாதென்ற விதி திருப்பூரில் வந்தது. மென்சவ்வுகளினூடாக நீரை அமுக்கி வடித்து, எஞ்சிய உப்புக்கரைசலை ஆவியாக்கி, உப்பைத் திண்மமாகப் பிரித்தெடுக்கிறார்கள். அதற்கு ஆகும் மின்சாரச் செலவும் துணியின் விலையில்தான் சேர வேண்டும்.