எண்ணெய்க் குளிர்விப்பான்: வலியும் காலமும் இடமும்

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அவை வேந்தர்க்கும் போர்க்களத்திற்கும் உரியனவாகச் சொல்லப்பட்டவை. ஆயினும், வேகம் கூட்டப்பட்ட ஒரு விளையாட்டுக் காரில் எண்ணெய்க் குளிர்விப்பானைப் பொருத்த முனையும் மெக்கானிக்கும் இம்மூன்றையும் எண்ணிப் பார்த்தே செயலில் இறங்குதல் வேண்டும். அவ்வாறு எண்ணாது பொருத்திய குளிர்விப்பான், காக்க வந்த எஞ்சினையே அழித்துவிடக் கூடும்.

எண்ணெயின் இரு பணிகள்

எஞ்சின் எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது என்பதை யாவரும் அறிவர். வெப்பத்தைச் சுமந்து செல்வதும் அதன் பணியே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ரேடியேட்டரின் நீர் சென்று சேராத பிஸ்டனின் அடிப்புறம், கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் ஆகியவற்றின் வெப்பத்தை எண்ணெயே ஏற்றுக்கொள்கிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லி மீட்டரில் நூறில் சில பங்கே. அங்கு நிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் அறுபடுமாயின் உலோகம் உலோகத்தோடு உரசும். எஞ்சின் சில நொடிகளில் பாழாகும். பொதுவாக 90 முதல் 110 பாகை செல்சியஸ் வரையில் எண்ணெய் தன் கடமையைச் செவ்வனே ஆற்றும். 130 பாகையைத் தாண்டினால் அது நீர்த்து, விரைந்து கெடத் தொடங்கும்.

1989 ஆம் ஆண்டு சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான ஜப்பானிய மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் காரை எடுத்துக்கொள்வோம். அதன் 1.6 லிட்டர் எஞ்சின், சாலையில் செல்லும்வரை தன் வெப்பத்தைத் தானே சமாளித்துக்கொள்ளும். ஆர்வலர் அதற்கு டர்போ பொருத்தி, பந்தயத் தடத்தில் ஓட்டும்போதுதான் இடர் தோன்றுகிறது. எரிந்த புகையால் சுழலும் டர்போவின் தண்டு நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேலும் சுழல வல்லது. அதன் வெப்பமும் எண்ணெயின் தலையிலேயே வந்து விழுகிறது.

வலியறிதல்

முதலில் வாங்க வேண்டியது குளிர்விப்பான் அன்று. எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மானியே. கடுமையாக ஓட்டிய பின்னும் அம்மானி 115 பாகையைத் தாண்டவில்லையெனில் குளிர்விப்பான் தேவையே இல்லை. தேவையெனில், அதன் அளவை எஞ்சினின் வலிமைக்கு ஏற்பத் தேர்தல் வேண்டும். இவை 10, 13, 16, 19, 25 என வரிசைகளின் எண்ணிக்கையால் அளவிடப்படுகின்றன. பெரியதே நன்று என்று கருதுவது பிழை. மிகப் பெரியது எண்ணெயை அளவுக்கு மீறிக் குளிரச் செய்யும். முன்புறத்தின் காற்றையும் வீணே அடைத்துக்கொள்ளும்.

காலமறிதல்

குளிர்ந்த எண்ணெய் தடித்தது. குறுகிய வழிகளில் விரைந்து பாயாது. எரிபொருளோடு வந்து கலக்கும் ஈரமும் அதில் ஆவியாகாது தங்கிவிடும். ஆதலின், எஞ்சின் சூடேறும்வரை எண்ணெய் குளிர்விப்பானுக்குப் போதல் ஆகாது. இதற்கென எஞ்சினுக்கும் எண்ணெய் வடிகட்டிக்கும் நடுவே பொருத்தப்படும் இடைத்தட்டில் தெர்மோஸ்டாட் அமைக்கப்படுகிறது. ஏறத்தாழ 80 பாகையில் அது வழியைத் திறக்கும்; அதற்கு முன் சிறிதளவு எண்ணெயை மட்டுமே விடும். சில ரூபாய்களை மிச்சப்படுத்த எண்ணித் தெர்மோஸ்டாட் இல்லாத தட்டை வாங்குவோர், குளிர்காலக் காலைகளில் எஞ்சினின் ஆயுளை விலையாகக் கொடுக்கின்றனர்.

இடனறிதல்

மூன்றனுள் பெரும்பாலோர் தவறுவது இதிலேயே. இதற்குப் பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. காற்றால் குளிரும் வோக்ஸ்வாகன் பீட்டில் காரில், விசிறியின் காற்று செல்லும் வழியிலேயே எண்ணெய்க் குளிர்விப்பான் நின்றது. அதனைக் கடந்து சூடேறிய காற்றே மூன்றாம் சிலிண்டரை அடைந்தது. அச்சிலிண்டர் ஏனையவற்றினும் மிகுதியாகச் சூடேறியது. 1971 மாதிரியில்தான் குளிர்விப்பானைத் தனி வழியில் வெளியே நகர்த்தி இக்குறையைக் களைந்தனர். ஒன்றைக் குளிர்விக்க மற்றொன்றைச் சுடலாகாது என்பது இதனால் பெறப்படும் பாடம்.

போர்ஷே 911 காரோ வேறு வழி கண்டது. அதன் எஞ்சின் பின்புறத்தில் உள்ளது. ஆயினும் 1969 மாதிரி 911 எஸ் காரில், கூடுதல் குளிர்விப்பான் முன்வலச் சக்கரத்தின் அருகே வைக்கப்பட்டது. காரின் நீளம் முழுதும் குழாய்களைக் கொண்டு செல்லும் தொல்லையை ஏற்றேனும், தூய குளிர்காற்று கிடைக்கும் இடத்தையே பொறியாளர் நாடினர்.

எம்.எக்ஸ்-5 காரில் ரேடியேட்டரை மறைக்காதவாறு முன்வாயின் ஒரு புறத்தில் வைத்தல் நன்று. காற்று எளிய வழியையே தேடும். ஆதலின் தகட்டால் வழியமைத்து, பக்க இடுக்குகளை அடைத்து, உள்ளே வந்த காற்று வெளியேறவும் வாயில் விடுதல் வேண்டும். குளிர்விப்பான் அலுமினியத்தால் ஆனது, அதிர்வில் வெடிக்கும். ஆதலின் இரப்பர் தாங்கிகளின் மேல் பொருத்துக. குழாய்வாய்கள் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருத்தல் நலம். கீழ்நோக்கின் உள்ளே காற்று தங்கும். முன்புறம் கல்தடுக்கும் கம்பிவலை இன்றியமையாதது.

குழாய்களின் பாதையும் இடனறிதலுள் அடங்கும். எஃகுக் கம்பி பின்னிய குழாய் தான் உரசும் எதனையும் அரம்போல் அறுக்கும். சுழலும் பெல்ட், புகைக்குழாய், திரும்பும் சக்கரம் ஆகியவற்றை விட்டு விலக்கிக் கட்டுக. இக்குழாயில் ஓடுவது எஞ்சினின் முழு அழுத்தத்தோடு கூடிய எண்ணெய். ஒரு மூட்டு கழன்றால் எஞ்சினில் உள்ள ஏறத்தாழ 3.5 லிட்டர் எண்ணெயும் விரைவில் வெளியேறும். சூடான புகைக்குழாயில் விழின் தீ. பின்வரும் காரின் முன் விழின் விபத்து.

பொருத்திய பின்

எஞ்சினை உடனே இயக்கலாகாது. எரிபொறியைத் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றி, எண்ணெய் அழுத்தம் எழுந்த பின்னரே இயக்குக. குளிர்விப்பானும் குழாய்களும் நிரம்பியதால் குறைந்த எண்ணெயை மீண்டும் ஊற்றி நிரப்புக. சிறிது தூரம் ஓட்டி, மூட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்துக் கசிவின்மையை உறுதிசெய்க.

இறுதியாக ஒன்று. பேரிங் உருகிய எஞ்சினின் குளிர்விப்பானைப் புதிய எஞ்சினுக்குப் பொருத்தற்க. நுண்ணிய உலோகத் துகள்கள் அதன் மடிப்புகளில் ஒளிந்திருக்கும். எவ்வளவு கழுவினும் முற்றும் நீங்கா. பழைய எஞ்சினின் சாவு அவற்றின் வழியே புதியதற்கும் வந்து சேரும்.

குளிர்விப்பான் வேகத்தைக் கூட்டுவதில்லை. கண்ணைக் கவர்வதும் இல்லை. கூட்டிய வேகத்தைத் தாங்கும் பொறுமையையே அது எஞ்சினுக்கு அளிக்கிறது. வலியும் காலமும் இடமும் அறிந்து பொருத்துவார்க்கே அப்பயன் கிட்டும்.