நம் அறம் எது? – 7: சிறையில் எழுதிய அறநூல்

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு, பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். செல்போனில் வரிசையாகக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால், நமக்கு ஏற்ற அறக்கொள்கை எதுவென்று கடைசியில் காட்டிவிடுமாம்.

"கடமைதான் பெரிசுன்னு நினைக்கிற ஆளுன்னு வந்திருக்கு அண்ணாச்சி. ஆனா போன மாசம் ஆச்சிக்குப் புற்றுநோய்னு டாக்டர் சொன்னதை நான்தான் அவகிட்ட மறைச்சேன். அப்போ அந்தக் கட்சியில எனக்கு எப்படி இடம் இருக்கும்?"

அவள் கேட்டது நியாயம். கடமை வழிக்குப் பெரிய பெயர் காண்ட். கொலைகாரன் வாசலில் வந்து நின்று நண்பன் எங்கே என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் எழுதியவர் அவர். விளைவில் நன்மை மிகுந்தால் அதுவே சரி என்பது பெந்தாமும் மில்லும் சொன்ன வழி. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 35 ஆண்டு வேலை பார்த்தவர்தான் இந்த மில். மனிதனின் குணம் செம்மையானால் செயலும் செம்மையாகும் என்பது அரிஸ்டாட்டிலின் வழி. நமக்கு இவை புதியவை அல்ல. குறளில் வாய்மை அதிகாரம் தீமை பயக்காத சொல்லையே வாய்மை என்கிறது. வினைத்தூய்மையோ, பெற்ற தாய் பசித்திருந்தாலும் பழிக்கப்படும் செயலைச் செய்யாதே என்கிறது. மனம் மாசற்றிருப்பதே அறம் என்ற பேச்சும் அதே நூலில்தான் வருகிறது. மூன்றும் ஒரே நூலுக்குள் இருக்கும்போது, ஒரு மனிதனுக்குள் மூன்றும் இருப்பதில் வியப்பில்லை. இக்கட்டு வரும்போது இவற்றில் எது முந்திக்கொண்டு எழுகிறது என்பதுதான் கேள்வி.

அந்தப் பெண்ணிடம் நான், ஆங்கில ஆட்சிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சி.யைப் பற்றிப் பேசினேன். நெல்லையில் உட்கார்ந்து அறத்தைப் பேசுகிறவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

1908 மார்ச் 9. வங்காளத் தேசியத் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடத் தாமிரபரணிக் கரையில் கூட்டம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். தூத்துக்குடியில் அவர்கள் முன்னின்று நடத்திய கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெற்றியில் முடிந்த கையோடு நடந்த கூட்டம் அது. ஆட்சியர் விஞ்ச் அழைத்துப் பேசினார். மாவட்டத்தை விட்டு வெளியேற வேண்டும், அரசியலைத் தொடக்கூடாது என்று நிபந்தனை. வ.உ.சி. மறுத்தார். மார்ச் 12இல் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். அவருக்கு விதிக்கப்பட்டது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் உள்ளே இருக்கும்போதே அவருடைய கப்பல் கம்பெனி கலைந்துபோனது.

விளைவை மட்டும் எடைபோட்டால், ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே இருந்து கம்பெனியைக் காப்பாற்றியிருக்கலாமே என்று தோன்றும். நானே இளவயதில் அப்படி நினைத்திருக்கிறேன். கடமைக்காக மறுத்தார் என்று சொன்னால் பாதி விளங்கும். மீதிப் பாதி, சிறையில் அவர் செய்த வேலையில் இருக்கிறது.

கோவைச் சிறையில் செக்கிழுத்தார். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903இல் எழுதிய சிறு நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். ஆங்கில அரசு பூட்டிவைத்த மனிதர், தனக்கு வேண்டியது இருந்ததால் ஓர் ஆங்கிலேயரின் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். பிறகு கண்ணூர்ச் சிறை. அங்கே உடனிருந்த கைதிகளுக்கு நீதிநூல் சொல்லிக்கொடுத்ததிலிருந்து 'மெய்யறம்' பிறந்தது. 1914இல் அச்சேறிய அந்த நூலின் அமைப்பைப் பாருங்கள்: மாணவரியலில் தொடங்கி இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல் வழியாக மெய்யியலில் முடிகிறது. ஒரு மனிதன் படிப்படியாக எப்படி ஆக வேண்டும் என்பதே அதன் வரிசை. அரசியலுக்காகச் சிறை சென்றவர், அரசியலை மூன்றாவதாகத்தான் வைத்தார். முதல் இடம் மாணவனுக்கு. வ.உ.சி.யின் வழி அரிஸ்டாட்டில் சொன்ன குணத்தின் வழி என்று நான் உறுதியாகச் சொல்வது இதை வைத்துத்தான். அந்த நிபந்தனைக்கு இணங்கியிருந்தால் தன் கண்ணில் தான் வேறு ஆளாகிவிடுவோம் என்பதே அவர் மறுத்ததன் வேர் என்று நினைக்கிறேன்.

விடுதலைக்குப் பிந்திய வாழ்க்கையும் அதையே காட்டுகிறது. பறிபோன வக்கீல் சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். எதிரியின் ஆள் என்று அவர் பார்க்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "மறைச்சதுக்கு எனக்கு வருத்தமில்ல அண்ணாச்சி. ஆனா ஆச்சி என் கையைப் புடிச்சு நேரா கேட்டிருந்தா, சொல்லியிருப்பேன்."

அவளுடைய அறம் அந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. செல்போன் கேள்விகளில் ஆச்சியின் கை இல்லை. நீங்களும் இந்த வாரம், யாரும் பார்க்காதபோது, நஷ்டம் வரும் என்று தெரிந்தும் மாற்றிக்கொள்ள மறுத்த ஒரு முடிவை நினைவுக்குக் கொண்டுவந்து, ஏன் மறுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

வ.உ.சி.யும் கடைசிவரை எழுதினார். 1935இல் குறள் அறத்துப்பாலுக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது. 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் காலமானார். கப்பல் கம்பெனி நடத்திய அந்த மனிதரின் உயிலில், துணிக்கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் தரவேண்டிய பாக்கி எழுதப்பட்டிருந்தது.