தண்ணி குடிங்க முதல்ல!

எங்கள் வீடு வில்லியனூரில், தேரோடும் வீதிக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. மாமனார் காலத்து வீடு. வாசலுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. பத்து வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாளின் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடினான். அந்த மாதமே திண்ணைக்கு இரும்புக் கம்பி அடித்துப் பூட்டுப் போட்டுவிட்டோம். தெருவில் முக்கால்வாசி வீடு இப்போது அப்படித்தான். அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். பகலெல்லாம் தனியாக இருக்கிறவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

போன வருஷம் வைகாசித் தேர். திருக்காமீசுவரர் தேர் என்றால் சும்மாவா? பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். அந்த வழக்கம் விட்டுப்போகாமல் இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். சுற்றுப்பட்ட கிராமத்து ஜனமெல்லாம் வந்து குவிந்திருந்தது. கூட்டம் கலைந்த உச்சி வேளையில் ஒரு வயசான அம்மா என் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரும்மா? எந்த ஊரு? என்ன வேணும்?"

உள்ளே இருந்தபடியே மூன்று கேள்வி கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பது, அப்படியே சரிந்து கீழே குந்தின பிறகுதான் எனக்கு உறைத்தது. எதிர்வீட்டு மருமகப் பெண் சொம்போடு ஓடிவந்தாள். நான் அப்போது பூட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அரை மணியில் அம்மாளுக்குத் தெளிந்தது. பேரன் தேடிவந்து அழைத்துப் போனான்.

இதை என் தம்பியிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவன் 1990-களில் சவுதி அரேபியாவில் லாரி ஓட்டினவன். "அக்கா, நீ கேட்ட அந்த மூணு கேள்வியை, முன்னபின்ன தெரியாத ஒரு ஆளு என்னை ரெண்டு நாளு கேக்கவே இல்ல" என்றான்.

தபூக் பக்கத்துப் பாலைவனத்தில் கிளட்ச் போய் லாரி நின்றுவிட்டதாம். கண்ணுக்கெட்டின தூரத்தில் ஒரு கறுப்புக் கூடாரம். பெதூயின்கள் என்கிற நாடோடி அரபிகளுடையது. ஆடு, ஒட்டகம் மேய்க்கிறவர்கள். இவன் தயங்கித் தயங்கிப் போனால், பெரியவர் எழுந்து வந்து கையைப் பிடித்து விரிப்பில் உட்கார வைத்தார். முதலில் தண்ணீர், பிறகு பேரீச்சம்பழம், அதன் பிறகு காப்பி.

நம்ம ஊர் டிகாக்ஷன், பால், சர்க்கரை எதுவும் அதில் கிடையாது. கொட்டையை லேசாக வறுத்து, இடித்து, ஏலக்காய் போட்டுக் கொதிக்க வைப்பது. நீண்ட மூக்குள்ள கூஜாவிலிருந்து, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். நிரம்ப ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தமாம்! வலது கையால்தான் வாங்க வேண்டும். போதும் என்றால் கிண்ணத்தை இப்படி அப்படி ஆட்டிக் காட்ட வேண்டும். என் தம்பிக்கு அது தெரியவில்லை. "ஊத்த ஊத்த குடிச்சிட்டே இருந்தேன்க்கா, ராத்திரி பூரா தூக்கமே வரல!"

விருந்தாளி வந்து மூன்று நாள் வரைக்கும் நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்கக் கூடாது என்பது அவர்கள் பழைய வழக்கம். அது வெறும் நல்ல மனசினால் மட்டும் வந்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த கிணறு எங்கே என்று தெரியாத பூமியில் ஒருவனைத் திருப்பி அனுப்புவது கொலைக்குச் சமானம். இன்றைக்கு அவன் வருகிறான், நாளைக்கு நாம் எவன் கூடாரத்து முன்னால் நிற்போமோ!

இன்னொன்றும் தம்பி சொன்னான். ரெண்டு வேளை சோறும் ஆட்டுக்கறியுமாகச் சாப்பிட்டான். சமைத்த அம்மாளின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. கூடாரத்துக்கு நடுவில் ஒரு தடுப்புத் திரை, அதற்கு அந்தப் பக்கம் பெண்கள். தட்டு மட்டும் வந்தது. இத்தனைக்கும் அந்தக் கூடாரமே பெண்கள் கைவேலை. ஆட்டு மயிரை நூற்று, பட்டை பட்டையாக நெய்து, சேர்த்துத் தைப்பது அவர்கள்தான். வெயிலில் காற்று புகும், மழை பட்டால் இழை உப்பி அடைத்துக்கொள்ளும் என்கிறார்கள். பேர் மட்டும் பெரியவருக்கு.

கேட்டதும் எனக்குப் பாகூர் ஆயா ஞாபகம் வந்துவிட்டது. ஏரிப்பாசனத்து நெல் விளைகிற ஊர். வீட்டில் அரிசிக்குக் குறைவில்லை. கடலூர் போகிற வண்டிக்காரர், வளையல்காரர், யார் வந்தாலும் தாத்தா திண்ணையில் இருந்தபடி, "தோ பாரு, இன்னும் ஒரு ஆளுக்கு" என்று உள்ளே குரல் கொடுப்பார். ஆயா மறுபடி உலை வைப்பாள். ஊரெல்லாம் தாத்தாவைத் தர்மவான் என்றது. ஆயா பல நாள் நீராகாரத்தைக் குடித்துவிட்டுப் படுத்ததை நாங்கள்தான் பார்த்தோம்.

அந்தத் திண்ணையைப் பற்றி இன்னொரு உண்மையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாருக்கும் அது திண்ணையாக இருக்கவில்லை. அறுப்புக்கு வந்த சேரி ஜனங்கள் வெயிலில், வாசலுக்கு வெளியே குந்தி, இரண்டு கையையும் குவித்து, மேலிருந்து ஊற்றின தண்ணீரைத்தான் குடித்தார்கள். லோட்டா அவர்கள் கைக்குப் போகாது. அப்போது எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது. கம்பிக்கு முன்னாலேயே அந்தத் திண்ணையில் ஒரு கம்பி இருந்திருக்கிறது.

நம்ம புதுச்சேரியில் தண்ணீருக்காகக் கொண்டாடப்படுகிறவள் ஆயி. ராஜா இடிக்கச் சொன்ன தன் வீட்டை இடித்துவிட்டு, அதே இடத்தில் குளம் வெட்டின தாசி என்று கதை. பிற்பாடு மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து பட்டணத்துக்குத் தண்ணீர் வந்தது. பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அதற்கு அடையாளம். அவள் குளத்தில் இறங்கினவனை எந்த ஊர் என்று யார் கேட்டிருப்பார்கள்?

சரி, நம் வாசலில் ஒருவர் வெயிலில் தள்ளாடி நின்றால் என்ன செய்வது? நான் பட்டுக் கற்றதைச் சொல்கிறேன். முதலில் நிழல். உட்கார வைத்து, முடிந்தால் படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்தி, இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். ஈரத்துணியால் கழுத்து, கை, அக்குளைத் துடைத்து விசிறுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுக்கலாம். உப்புப் போட்ட நீர்மோர் ரொம்ப நல்லது. மருந்துக்கடையில் விற்கும் உப்பு சர்க்கரைப் பொடியாக இருந்தால், பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொடி, ஒரு டம்ளர் என்று கைக்கணக்கு வேண்டாம். பானகம் கொடுக்கும் முன் "சர்க்கரை வியாதி இருக்காம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். (இந்தக் கேள்வி கேட்கலாம்!) உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். உடம்பை நனைத்துக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள்.

நான் கம்பியைப் பிடுங்கிவிடவில்லை. பயம் இன்னும் இருக்கிறது. கம்பிக்கு வெளியே, படி ஓரத்தில் முக்காலி போட்டு, குழாய் வைத்த மண்பானை ஒன்று வைத்திருக்கிறேன். தினம் காலையில் கழுவி, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை ஊற்றி மூடுவேன். பங்குனியில் ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும். சாவி இப்போது நிலைப்படி ஆணியில் தொங்குகிறது. பூட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிற வேலையில் வீட்டுக்காரருக்கும் ஞாயிற்றுக்கிழமை முறை உண்டு, முனகிக்கொண்டே செய்கிறார்.

எவர்சில்வர் டம்ளர் இதுவரை இரண்டு காணாமல் போயிற்று. "சங்கிலி போட்டுக் கட்டேன்" என்கிறாள் எதிர்வீட்டுப் பெண். மனசு வரவில்லை. நேற்றுச் சந்தையில் மூன்றாவது வாங்கி வைத்தேன்.